ஜாடி சொன்ன பொய்

ஊரே ஒரே கூரைக்குள் குடியிருக்கும் எங்கள் நீளவீட்டில் ஜாடியின் வாயைக் கட்டிய நாளிலிருந்து காவாய் அறுவடைத் திருநாள் வரை எந்தப் பெண்ணும் சண்டை போடமாட்டாள். ஏப்ரல் கடைசியில் ஒட்டரிசியை அவித்துப் பாயில் ஆறப்போடுவோம். நொதி வில்லையைப் பொடித்துத் தூவிப் பிசிறி, ஜாடிக்குள் போட்டு, வாழையிலையால் மூடிக் கயிற்றால் கட்டுவோம். அப்புறம் ஒரு மாசம் அந்தக் கதவுக்காரி, அதாவது அந்தக் குடும்பத்துப் பெண், குரலை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் உள்ளே ஊறுகிற துவாக், எங்கள் அரிசி மது, புளித்துப்போகும். வெந்த அரிசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கையும்.

இது ஆம்பிளைகளுக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள். மூன்றாம் கதவுக்காரன் தன் பெண்டாட்டி வளர்த்த சினைப்பன்றியை விற்றது ஜாடி மாசத்தில்தான். ஒன்பதாம் கதவுக்காரன் தன் அத்தை மகனையும் அவனுடைய நாலு வேட்டை நாய்களையும் விருந்துக்கு அழைத்துவந்து மூன்று வாரம் தங்கவைத்தது ஜாடி மாசத்தில்தான். என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் குறை சொல்லவில்லை, ஒரு ஜாடி மாசத்தில் என் தையல் மெஷினைக் கொடுத்துவிட்டுச் சண்டைச் சேவல் ஒன்றை வாங்கிவந்தார். நான் ஜாடியைப் பார்த்தேன், சேவலைப் பார்த்தேன். "கொண்டை நல்லா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

நீளவீட்டில் இருபத்து மூன்று கதவுகள். ஒரு கதவு என்றால் ஒரு குடும்பம். என்னுடையது பதினொன்று. பன்னிரண்டு எம்பியாங்கின் கதவு. இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள பலகைச் சுவரில் சின்னத் திட்டிவாசல் ஒன்று உண்டு. உப்பு, நெருப்பு, ஊர்க்கதை மூன்றும் அதன் வழியாகத்தான் போய்வரும். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி என் கண் கண்டது, மீதி என் காது கேட்டது.

எம்பியாங்குக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. காலையில் ரப்பர் சீவுவாள், மத்தியானம் தூங்குவாள், மிச்ச நேரமெல்லாம் துவாக்தான். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை திருநாளுக்காகப் போடுவோம். அவளுக்கு அதுவே ஆசை, அதுவே விளையாட்டு. வீட்டுப் பின்பக்கம் வரிசையாக முப்பது நாற்பது போத்தல் நிற்கும். ஒன்றில் அன்னாசி சேர்த்தது, ஒன்றில் புளிச்சைப்பூ. ஒன்று மழைத்தண்ணீரில், ஒன்று ஓடைத்தண்ணீரில். எது எது என்று ஆணியால் கழுத்தில் கீறிவைத்திருப்பாள். நொதி வில்லையைக்கூடக் கடையில் வாங்கமாட்டாள். இஞ்சி, சிற்றரத்தை, மிளகு எல்லாம் தானே இடித்துத் தட்டிக் காயவைப்பாள். கனோவிட் டவுன் கடைக்காரர் ஒருவர் படகேறி வந்து, "விலைக்குக் குடுங்கம்மா" என்று கேட்டார். "பாட்டுப் பாடுறவகிட்டே போய்த் தொண்டையை விலைக்குக் கேப்பீங்களா?" என்று கேட்டு, மூன்று போத்தலைச் சும்மா கொடுத்தனுப்பினாள்.

அவள் துவாக்கை வாயில் வைத்தால் முதலில் இனிப்பு. பிறகு மூக்குக்குள் இளஞ்சூடு ஏறும். விழுங்கின பிறகு புது அரிசி வாசனை தங்கும். அந்த வாசனை நிபோங் ஓடைக்கு மேலே இருக்கும் அவளுடைய மேட்டு நிலத்து ஒட்டரிசிக்கு மட்டும்தான் உண்டு. அவள் அம்மா காடு திருத்திய நிலம். வேறு இடத்தில் அதே விதையைப் போட்டுப் பார்த்தாள். நெல் விளைந்தது, வாசனை வரவில்லை.

அவள் புருஷன் உஞ்சாத் வீட்டோடு மாப்பிள்ளை. மேலாற்றிலிருந்து வந்தவன். இங்கே முதல் பிள்ளை பிறந்ததும் பெற்றவர்களின் சொந்தப் பெயர் போய்விடும். செண்டி பிறந்ததிலிருந்து அவன் அபாய் செண்டி, அவள் இந்தாய் செண்டி, அதாவது செண்டியின் அப்பன், செண்டியின் அம்மா. செண்டி பிந்துலுவில் கப்பல்துறை வேலைக்குப் போய்ப் பத்து வருஷமாகியிருந்தது. நல்ல மனுஷன்தான் உஞ்சாத். ஒரே ஒரு முள் அவனைக் குத்திக்கொண்டே இருந்தது. பெண்டாட்டி வீட்டில் சாப்பிடுகிறவன் என்று முப்பது வருஷமாகக் கேட்ட கேலி.

அந்த முள்ளைத்தான் நீளவீட்டுத் தலைவர் ஜாமிட் பிடித்துக்கொண்டார். அவர் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயில் வெண்ணெய் தடவியதுபோல் பேசுவார். எண்ணெய்ப்பனை போட ஒரு கம்பெனி எங்கள் மேட்டு நிலங்களை முப்பது வருஷத்துக்குக் கேட்டது. ஒவ்வொரு கதவுக்காரரும் ஒரு தாளில் பெருவிரல் பதிக்கவேண்டும். திருநாளன்று கம்பெனி ஆள் விருந்தாளியாக வருவார். எந்தக் கதவிலும் தகராறு இல்லை என்று தலைவர் எல்லோர் முன்னாலும் சொல்லித் தாளை அவர் கையில் கொடுக்கவேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

கூட்டத்தை அவர் எந்த வாரம் வைத்தார் தெரியுமா? இருபத்து மூன்று ஜாடிகளும் கட்டி முடித்த வாரம்.

ஜாடி கட்டி ஐந்தாம் நாள் சாயங்காலம் உஞ்சாத் வீட்டுக்கு வந்தான். ஜாடியில் ஊற்ற எம்பியாங் சீனிப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திட்டிவாசல் திறந்திருந்தது.

"தலைவர் பேசினார்" என்றான்.

"அவர் என்னைக்குப் பேசாம இருந்தார்?"

"நிபோங் நிலம்... கம்பெனிக்குப் பனை போடக் கேட்டாங்க இல்ல. எல்லாக் கதவும் சரின்னுட்டாங்க."

"நம்ம கதவு?"

அவன் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினான்.

"அபாய் செண்டி, உன் கட்டைவிரல் ஏன் ஊதாவா இருக்கு?"

"கதவுக்கு ஆம்பிளை நீதானேன்னு கேட்டார். எல்லார் முன்னாடியும் கேட்டா நான் என்ன பண்றது?"

அகப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. நான் கீரையை விட்டுவிட்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லு" என்றாள் எம்பியாங். குரல் இன்னும் அடங்கித்தான் இருந்தது. "ஏன் இன்னைக்கு? போன மாசம் சொல்லலாம். அடுத்த மாசம் சொல்லலாம். அந்த ஜாடியைக் கட்டட்டும்னு காத்திருந்தே இல்ல?"

"இந்தாய் செண்டி, மெதுவா. ஜாடி..."

"ஜாடி கேக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசியதை ஜாடி மட்டுமா கேட்டது? முதல் கதவிலிருந்து இருபத்து மூன்றாம் கதவு வரை எல்லோரும் கேட்டோம். ஆற்றில் போன படகுகூட மோட்டாரை நிறுத்திக் கேட்டதாகச் சொல்வார்கள். முப்பது வருஷத்து ஜாடி மாசங்களில் விழுங்கினதையெல்லாம் ஒரே மூச்சில் எடுத்து வைத்தாள். அவன் விற்ற பித்தளைத் தாம்பாளம், அவன் தம்பிக்குக் கொடுத்த படகு, அவள் அம்மா சாகக் கிடந்தபோது அவன் போன மீன்பிடி. கடைசியில், "அந்த நிலத்துல என் அம்மாவோட கை இருக்கு. உன் கட்டைவிரல் அதைவிடப் பெருசா?" என்று கேட்டாள். அவன் வேட்டைக் கத்தியை எடுத்துக்கொண்டு பன்றிக்குத் தீனி வெட்டப் போய்விட்டான். அந்த நேரத்தில் எந்தப் பன்றியும் தீனி கேட்கவில்லை.

மறுநாள் காலையில், எல்லாக் கதவுக்கும் முன்னால் நீளமாக ஓடும் பொதுக்கூடத்தில் எல்லோரும் கூடிவிட்டோம். எம்பியாங் தலைவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பன்னிரண்டாம் கதவைத் தாள்லேர்ந்து அடிச்சுடுங்க தலைவரே. எங்களுக்குச் சம்மதம் இல்ல."

"பெருவிரல் விழுந்துடுச்சேம்மா" என்றார் தலைவர் சிரித்தபடி. "புருஷன் பெண்டாட்டி வாய்ச்சண்டையையெல்லாம் நான் தாள்ல எழுத முடியுமா? எந்த வீட்டுல இல்ல? காலைல சண்டை, ராத்திரி சமாதானம்."

ஆண்கள் சிரித்தார்கள். முதல் கதவு லுலோங் அத்தை சிரிக்கவில்லை. எங்கள் எல்லோரிலும் மூத்தவள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "வாய்ச்சண்டையா, நெஞ்சு எரிஞ்ச சண்டையான்னு நாம ஏன் அடிச்சுக்கணும்? அதைச் சொல்ல ஒண்ணு இருக்கே. ஜாடி சொல்லட்டும். புளிச்சா அந்தக் கதவுல சம்மதம் இல்ல. இனிச்சா இருக்கு. ஜாமிட், உங்க அப்பா இருந்தா இதைத்தான் செஞ்சிருப்பார்" என்றாள்.

அப்பாவை இழுத்தால் தலைவரால் மறுக்க முடியாது. ஆனால் அவர் சுலபமாகத் தலையாட்டியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் என்று பிறகு தெரிந்தது. படித்துறையில் தன் மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "புளிச்சாலும் அவ புளிச்சதை ஊத்துவாளா? ஆத்துல கொட்டிட்டு அடுத்த வீட்டுல இனிப்பா வாங்கி ஊத்துவா. அவ கர்வம் எனக்குத் தெரியாதா."

நான் அதை எம்பியாங்கிடம் சொன்னேன். அவள் பாகை ஆறவைத்து ஜாடியில் ஊற்றினாள்.

அந்த மூன்று வாரமும் எங்கள் நீளவீட்டில் எல்லோருடைய மூக்கும் பன்னிரண்டாம் கதவுப் பக்கம்தான். பெண்கள் உப்பு கேட்டு வந்தார்கள். உப்பு இருக்கிற வீட்டிலிருந்தும் வந்தார்கள். அவள் ஜாடியைத் திறக்கவே இல்லை. புருஷனோடு பேசவும் இல்லை. அவன் தட்டில் சோறு விழும், பேச்சு விழாது.

திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது காலையில் திட்டிவாசலில் தட்டினாள்.

"இங்க வாடி. ஒரு வாய் குடிச்சுச் சொல்லு."

குடித்தேன். பிள்ளைகளே, எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. அவள் போட்டதில் அதுதான் சிறந்தது. அவள் போட்டதில் என்ன, நான் பிறந்ததிலிருந்து குடித்ததில் அதுதான். இனிப்பு வந்ததே தெரியாமல் வந்தது. சூடு மூக்கில் ஏறாமல் நெஞ்சில் இறங்கியது. விழுங்கி வெகுநேரம் கழித்து நிபோங் ஓடையில் அறுவடைக்கு நிற்பதுபோல் இருந்தது.

"எப்படி?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பாவி, இனிக்குது" என்றேன்.

அவள் கிண்ணத்தை வாங்கி மீதியைக் குடித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"முப்பது வருஷம் வாயை மூடிக்கிட்டுப் போட்டேன். ஒரு தடவைகூட இப்படி வரல. இந்தத் தடவை அண்டமே அதிர்ற மாதிரி கத்தினேன். இப்படி வந்திருக்கு. அப்போ இத்தனை வருஷம் நம்மளை எதுக்குடி பொத்திக்கிட்டு இருக்கச் சொன்னாங்க?"

எனக்குத் தையல் மெஷின் ஞாபகம் வந்தது.

"தலைவர்கிட்டே போய்ச் சொல்லுவோம். இந்த நம்பிக்கையே பொய்யின்னு" என்றேன்.

"சொன்னா? இனிச்சுதா, அப்போ சம்மதம்னு தாளைக் குடுத்துடுவார். நம்பிக்கை பொய்யின்னு நிரூபிக்க எனக்கு நேரம் இல்ல. நிலத்தைக் காப்பாத்தத்தான் நேரம் இருக்கு." ஜாடிக்குள் குனிந்து பார்த்தாள். "இது என்ன, ஒரு சாண் குறைஞ்சிருக்கு?"

"எலியா இருக்கும்."

"ரெண்டு கால் எலி" என்றாள். உஞ்சாத் எப்போதோ ஒரு போத்தலில் மொண்டிருக்கிறான். கட்டிய கயிற்றில் முடிச்சு இடம் மாறியிருந்தது. அவள் போடுவது இடக்கை முடிச்சு, அங்கே இருந்தது வலக்கை முடிச்சு. அப்படியென்றால் இந்தத் துவாக் எப்படி இருக்கிறதென்று அவனுக்கும் தெரியும்.

பின்பக்கம் போனாள். மூலையிலிருந்த ஒரு கறுப்புப் போத்தலை எடுத்துவந்தாள். போன வருஷம் கெட்டுப்போன ஒரு ஜாடியைக் கொட்டாமல் காடியாக்கி வைத்திருந்தாள், பச்சை மீனில் ஊற்றிப் பிசைய. போத்தலின் மேலே, எதையும் காடியாகப் புளிக்கவைக்கிற ஆடை வழுவழுவென்று மிதந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்டி. இப்படி இன்னொண்ணு வருமா?"

"வராது."

"ஊரே துப்பும். பன்னிரண்டாம் கதவுக்காரிக்குத் துவாக் போடத் தெரியலன்னு பேசும். மேலாறு வரைக்கும் போகும்."

"போகட்டும்." கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "நான் சண்டை போட்டேனா இல்லையா? நீ கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்."

"நெஞ்சு எரிஞ்சுதான் போட்டேன். ஜாடி இல்லேங்குது. ஜாடி பொய் சொல்லுது. நான் திருத்தறேன், அவ்வளவுதான்."

"ஒரே ஒரு போத்தல் எடுத்து வச்சுக்கோ. எங்க வீட்டுல ஒளிச்சு வைக்கிறேன்."

அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினாள். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "வச்சா அது எனக்கு எதிரா சாட்சி சொல்லும்."

காடிப் போத்தலை ஆடையோடு கவிழ்த்தாள். இலையை எடுத்துவிட்டு மெல்லிய துணியால் மூடி, ஜாடியை அடுப்புப் பக்கம் நகர்த்தினோம். ஒன்பது நாள் அந்தச் சூட்டில் இருந்தது. ஐந்தாம் நாள் சின்ன ஈக்கள் துணியில் மொய்த்தன. எட்டாம் நாள் என் வீட்டுக்கே மூக்கைக் குத்தியது. ஒவ்வொரு நாளும் அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். வியாதிக்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள்போல் இருப்பாள். நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

திருநாளன்று காலை பத்து மணிக்கு மணித்தாளம் முழங்க விருந்தாளிகள் ஏறிவந்தார்கள். கம்பெனி ஆள் பெயர் ஹென்றி தாவி. எங்கள் ஆள்தான், லுபோக் அந்து பக்கத்துக்காரன். நகரத்துச் சட்டை, மினுங்குகிற காலணி. காலணியைப் படியிலேயே கழற்றிவிட்டான். அவனுக்கு வீட்டு முறை தெரியும் என்று அப்போதே நினைத்தேன்.

முறை இதுதான். விருந்தாளி கூடத்தில் முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை நடக்கவேண்டும். ஒவ்வொரு கதவின் முன்னாலும் அந்த வீட்டுக்காரி தன் துவாக்கை ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுப்பாள். மறுக்கக் கூடாது. முடியாதவர் விரலால் தம்ளரின் விளிம்பைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொள்ளலாம். தொடாமல் போனால் போகிற வழியில் பாம்போ முதலையோ கட்டாயம் காத்திருக்கும்.

லுலோங் அத்தையுடையது இனித்தது. ஐந்தாம் கதவு கொஞ்சம் தண்ணீர். என் கதவில் ஹென்றி முழுசாகக் குடித்து, "நல்லா இருக்குங்க" என்றான். தலைவர் அவன் கூடவே வந்தார், கையில் தாள் உறை. பின்னால் மொத்த வீடும் வந்தது.

பன்னிரண்டாம் கதவு. எம்பியாங் திருநாள் பாவாடை கட்டி, வெள்ளிக் கொண்டையூசி செருகி நின்றாள். பக்கத்தில் ஜாடி. அடுத்த வீட்டுப் போத்தல் எதுவும் இல்லை. தலைவர் அதைத்தான் முதலில் பார்த்தார். அவருடைய சிரிப்பு இன்னும் விரிந்தது.

மொண்டு ஊற்றினாள். புளித்த வாசனை முன்னால் வந்தது, தலைவரின் சிரிப்பு குறைந்தது. தலைவர் விரலை நீட்டினார், விளிம்பைத் தொட.

"தொட்டா போதாது தலைவரே. ஜாடி சொல்லட்டும்னு ஒத்துக்கிட்டது நீங்க. குடிச்சாத்தானே கேக்கும்" என்றாள்.

குடித்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு இன்னொரு வாய் வேண்டும். ஒரு கண் மூடிக்கொண்டது, காது பின்னால் போனது. கூட்டத்தில் யாரோ பிள்ளை சிரித்தது.

"புளிப்பா இனிப்பா?" என்று லுலோங் அத்தை பின்னாலிருந்து கேட்டாள். "எனக்குக் காது மந்தம். சத்தமா சொல்லு."

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் சும்மா எழுத்தராக இருந்தவரா? "இது ஜாடி புளிச்சது இல்ல. கையால புளிக்கவச்சது" என்றார். "பத்து நாள் முன்னாடி அபாய் செண்டியே என்கிட்டே சொன்னான். தேன் மாதிரி இருக்கு, இப்படி ஒண்ணு அவ போட்டதே இல்லேன்னு. படகுல உக்காந்து அரைமணி நேரம் சொன்னான். என்னப்பா, சொன்னியா இல்லையா?"

எல்லோரும் உஞ்சாத்தைப் பார்த்தோம். அவன் தூண் ஓரமாக நின்றான். எம்பியாங் மட்டும் அவனைப் பார்க்கவில்லை. நேராக எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, மொண்ட அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உஞ்சாத் நடந்து வந்தான். அகப்பையை அவள் கையிலிருந்து வாங்கினான். அப்படியே வாயில் வைத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புளிப்பிலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ஜாடி என்னவாக இருந்தது என்று அவனுக்கு நாக்கில் தெரியும். அவள் எதை இழந்தாள் என்று அங்கே இருந்தவர்களில் என்னைத் தவிர அவனுக்குத்தான் தெரியும்.

"சொன்னேன்" என்றான்.

தலைவர் ஹென்றி பக்கம் திரும்பினார்.

"ஆனா நான் சொன்னது இந்த ஜாடியை இல்ல." உஞ்சாத் அகப்பையை ஜாடியில் வைத்தான். "இவதான் என்னோட பேசறதே இல்லையே, இவ ஜாடியில எனக்கு எங்க கிடைக்கும்? அன்னைக்கு உங்க வீட்டுல யாரும் இல்ல. உங்க ஜாடியிலதான் ஒரு போத்தல் திருடினேன் தலைவரே. தேன் மாதிரி இருந்தது உங்க வீட்டுது. அதை உங்ககிட்டேயே எப்படிச் சொல்றது? எங்க வீட்டுதுன்னு சொல்லிட்டேன்."

வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டத்துக்கு மேல் இப்போது துவாக் திருடன் என்ற பட்டத்தையும் தன் கையால் எடுத்துச் சூட்டிக்கொண்டான். இன்றைக்கும் அவனுக்கு அந்தப் பட்டம் உண்டு.

"பொய்" என்றார் தலைவர். "என் ஜாடியில ஒண்ணும் குறையல."

"ஏன் குறையல?" என்று ஒரு குரல் கேட்டது. தலைவரின் பெண்டாட்டிதான். நல்ல சாது. சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஒரு சாண் குறைஞ்சுதான் இருந்தது. நீங்கதான் குடிச்சீங்கன்னு நினைச்சேன். ஜாடி மாசமாச்சேன்னு கேக்காம விட்டேன்."

அவள் சொன்னது மெய்யா என்று நான் இதுவரை கேட்கவில்லை. அவள் சினைப்பன்றி கதையையும் வேட்டை நாய்க் கதையையும் என்னைப்போலவே பார்த்தவள். அவளுக்கென்று எத்தனை கதை இருந்ததோ.

தலைவர் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். அப்போது ஹென்றி தாவி, "எனக்கு இன்னும் ஊத்தலையே" என்றான்.

எம்பியாங் அவனுக்கு ஊற்றினாள். தம்ளர் நிறைய. அவன் முகத்தைச் சுளிக்காமல் நிதானமாகக் குடித்து முடித்தான்.

"எங்க அம்மாவும் போடுவாங்க. ஒரு வருஷம் இப்படித்தான் இருந்தது. அந்த வருஷம் எங்க அப்பா வாசல்லதான் படுத்தார்" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்காமல் தாள் உறையை வாங்கிப் பிரித்து, பேனாவால் பன்னிரண்டாம் வரியை அடித்தான். "தகராறு இருக்கிற நிலத்தை நான் எடுத்துக்கிட்டுப் போனா, நாளைக்குக் கோர்ட்டுக்கு நடக்கப்போறது தலைவர் இல்ல, நான்."

பதின்மூன்றாம் கதவுக்கு நகர்ந்தார்கள். அங்கே இந்தாய் மெங்கா, முப்பது வயது, கூச்சக்காரி. தம்ளரை நீட்டினாள். ஹென்றி வாங்கும் முன்னே, "எங்க ஜாடியும் இந்த வருஷம் சரியில்லீங்க. ரொம்பப் புளிப்பு" என்றாள். அவள் புருஷன் தலையைச் சொறிந்துகொண்டு கூரையைப் பார்த்தான்.

ஹென்றி ஒரு வாய் குடித்தான். அது சர்க்கரைப்பாகாக இனித்தது, எனக்குத் தெரியும், முந்தின நாள் நான் குடித்திருந்தேன். அவன் அவளைப் பார்த்தான். பிறகு தலைவரைப் பார்த்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"ஆமாங்க. பல்லு கூசுது" என்றான். பேனாவை மறுபடி திறந்தான்.

இருபத்து மூன்றாம் கதவுக்குப் போவதற்குள் ஒன்பது ஜாடிகள் புளித்துவிட்டன. லுலோங் அத்தை தன் முதல் கதவுக்குத் திரும்பிப்போய் அங்கிருந்து ஆளனுப்பி, தன்னுடையதையும் மறுபடி ஒருமுறை குடித்துப் பார்க்கச் சொன்னாள்.

செப்டம்பரில் நிபோங் மேட்டில் காடு எரித்து விதைக் குழி போட நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். நடுவே சாப்பிட உட்கார்ந்தபோது உஞ்சாத் படகுக்குப் போய், மோட்டார் பெட்டிக்குள்ளிருந்து துணி சுற்றிய ஒரு போத்தலை எடுத்துவந்து எம்பியாங் முன்னால் வைத்தான். அவள் துணியைப் பிரித்து, கார்க்கைப் பிடுங்கி, முகர்ந்தாள்.

"இதை எங்க வச்சிருந்தே?"

"மோட்டார் பெட்டியில."

"பெட்ரோல் டப்பா பக்கத்துல."

"வேற எங்க வைக்கிறது? நீ தேடாத இடம் அது ஒண்ணுதான்."

ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். நாங்கள் யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.

"நான் போட்டதுலேயே நல்ல துவாக், நாலு மாசம் பெட்ரோல் பக்கத்துல. உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? முப்பது வருஷமா என்கூட இருக்கியே, துவாக்கை எங்க வைக்கணும்னுகூடவா தெரியல?" என்று ஆரம்பித்தாள். மேடு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டு நடுவே இன்னொரு வாய் குடித்தாள். பிறகு போத்தலை அவன் பக்கம் தள்ளினாள்.